டாலி மாடிசனும் மல்லி போட்ட குக்கியும்

போன இதழில் சுக்குக் காப்பி பற்றி எழுதியபோது, "அமெரிக்காவில் 1796இலேயே கிறிஸ்துமஸ் குக்கியில் மல்லி போட்டிருக்கிறார்கள், டாலி மாடிசன் காலத்து விஷயம் அது" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, குழித்துறை, மார்த்தாண்டம் என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை. முழுப் பக்கமும் இதற்குத்தான்.

கேள்வி: டீச்சர், என் மகள் திருவனந்தபுரத்தில் பி.ஏ. சரித்திரம் படிக்கிறாள். ஒரு ஜனாதிபதி மனைவியைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும், அந்தக் காலத்துத் தின்பண்டம் ஒன்றும் செய்து கொண்டுபோக வேண்டும். உங்கள் வரியைப் படித்துவிட்டு டாலி மாடிசனைப் பற்றித்தான் பேசுவேன் என்கிறாள். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த அம்மாவைத் தெரியாது. விவரமாகச் சொல்லுங்களேன்.
(ஒரு தாயார், பாறசாலை)

பதில்: நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறாள் உங்கள் மகள். டாலி மாடிசன், அமெரிக்காவின் நான்காவது ஜனாதிபதி ஜேம்ஸ் மாடிசனின் மனைவி. 1809இலிருந்து 1817 வரை ஜனாதிபதியின் மனைவியாக இருந்தவர். ஆனால் நான் வகுப்பில் இவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் மாளிகையிலிருந்து தொடங்க மாட்டேன். 1793இலிருந்து தொடங்குவேன்.

அந்த வருஷம் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல். சுமார் 50,000 பேர் இருந்த ஊரில் ஏறக்குறைய 5,000 பேர் செத்துப்போனார்கள். எங்கள் பாட்டி பேதி வந்த வருஷத்துக் கதை சொல்லுவாள், ஒரே வீட்டிலிருந்து காலையில் ஒரு பாடை, சாயங்காலம் ஒரு பாடை என்று. அதே கதைதான் அங்கேயும். டாலிக்கு அப்போது 25 வயது. கணவர் ஜான் டாட் என்கிற வக்கீல், இரண்டு ஆண் குழந்தைகள். அக்டோபர் மாதம் ஒரே நாளில் கணவரும் கைக்குழந்தையும் போய்விட்டார்கள். மூத்தவன் மட்டும் மிஞ்சினான். அவன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஜான் பெய்ன் டாட். பின்னால் வருவான்.

அதற்கு முந்தின கதையும் சாதாரணமில்லை. பிறந்தது 1768 மே 20, வட கரோலினாவில். குவேக்கர் குடும்பம். குவேக்கர்கள் பகட்டான துணி உடுத்த மாட்டார்கள், ஆட்டம் பாட்டு கிடையாது, எல்லா மனிதரும் கடவுள் முன்னால் ஒன்றுதான் என்பார்கள். அப்பா 1783இல் தன் அடிமைகளை விடுதலை செய்துவிட்டு, வர்ஜீனியா நிலத்தை விட்டுப் பிலடெல்பியாவுக்கு வந்தார். துணிக்குப் போடும் ஸ்டார்ச் மாவு வியாபாரம் தொடங்கினார். 1789இல் நொடித்துப்போனது. கடனாளி ஆனதால் குவேக்கர் சபை அவரை விலக்கி வைத்தது. குடும்பத்தைத் தாங்க அம்மா வீட்டையே தங்கும் விடுதி ஆக்கினார். அப்போது பிலடெல்பியாதான் தலைநகரம். காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் உறுப்பினர்கள் அந்த விடுதியில் வந்து தங்குவார்கள். அப்படித் தங்கிய ஆரன் பர் என்பவர்தான் டாலிக்கு மாடிசனை அறிமுகம் செய்துவைத்தவர். அதே பர் பின்னால் 1804இல் அலெக்சாண்டர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றார். அரசியல் பகை அந்த அளவுக்குப் போன காலம் அது. இதை மகளிடம் சொல்லி வையுங்கள், அடுத்து நான் சொல்லப்போவதற்கு இது வேண்டும்.

மாடிசன் டாலியைவிட 17 வயது மூத்தவர், உயரம் குறைந்தவர், நாலு பேர் கூடினால் பேசக் கூச்சப்படுகிறவர். 1794 செப்டம்பர் 15 அன்று கல்யாணம். குவேக்கர் அல்லாதவரைக் கட்டியதால் டாலியையும் சபை விலக்கியது. அதற்குப் பிறகுதான் அவர் நிறம் நிறமாக உடுத்தத் தொடங்கினார். தலையில் இறகு செருகிய தலைப்பாகை, கையில் மூக்குப்பொடி டப்பி! ஆமாம், ஜனாதிபதி மனைவி எல்லார் முன்னாலும் பொடி போடுவார், பக்கத்தில் இருப்பவருக்கும் நீட்டுவார்.

1809இல் மாடிசன் பதவியேற்ற இரவு நடந்த நடன விருந்துதான் அந்த வகையில் முதலாவது. டிக்கெட் நாலு டாலர், 400 பேர் வந்தார்கள். அப்புறம் புதன்கிழமை தோறும் சாயங்காலம் மாளிகையைத் திறந்துவிட்டார். தனித்தனி அழைப்பு கிடையாது. ஆளும் கட்சிக்காரரும் வருவார், எதிர்க்கட்சிக்காரரும் வருவார். ஒரே அறையில் தோள் இடிக்க நின்று தின்றுகொண்டே பேச வேண்டும். காங்கிரஸில் முகம் பார்க்காதவர்கள் இங்கே ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்றார்கள். துப்பாக்கி எடுத்துச் சுட்டுக்கொண்ட ஊரில் இது எவ்வளவு பெரிய காரியம்! கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரெதிராக உட்கார வைத்தே இரண்டு பங்காளிகளைப் பேச வைத்துவிடும் பெரியம்மா ஒருத்தி எல்லாக் குடும்பத்திலும் உண்டு. டாலி அந்த வேலையை ஒரு நாட்டுக்கே செய்தார் என்று நான் நம்புகிறேன். 'முதல் பெண்மணி' என்ற பட்டம் அப்போது புழக்கத்தில் இல்லை. அந்த இடத்துக்கு இன்ன வேலை என்று ஆக்கியது இவர்தான்.

கேள்வி: வெள்ளைக்காரர்கள் ஜனாதிபதி மாளிகையை எரித்தபோது டாலிதான் வாஷிங்டன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார் என்று படித்தேன். உண்மையா?
(கல்லூரி மாணவி, நெய்யாற்றின்கரை)

பதில்: பாதி உண்மை, மக்களே. அந்த மீதிப் பாதிதான் எனக்கு முக்கியம்.

1812இல் பிரிட்டனோடு யுத்தம் தொடங்கியது. 1814 ஆகஸ்ட் 24, பிளேடன்ஸ்பர்க் என்கிற இடத்தில் அமெரிக்கப் படை தோற்றுச் சிதறியது. ஜனாதிபதி படையோடு போயிருந்தார், வீட்டில் டாலி. ஜார்ஜ் வாஷிங்டனின் முழு உருவப் படம் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது, ஆள் உயரத்துக்கும் மேலே. திருகு போட்டு இறுக்கியிருந்ததால் கழற்ற நேரமில்லை. சட்டத்தை உடைத்துத் துணியை மட்டும் எடுங்கள் என்று டாலி உத்தரவு போட்டார். இதைத் தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். படம் எதிரி கையில் சிக்கக் கூடாது என்ற முடிவு அவருடையது, அந்தப் பெருமை அவருக்கு உண்டு. எரியப்போகிற வீட்டில் நின்று அப்படி யோசிக்க நெஞ்சுரம் வேண்டும்.

ஆனால் ஏணி வைத்து ஏறியவர் யார்? அன்றைக்கு அந்த வீட்டில் பால் ஜென்னிங்ஸ் என்று ஒரு பையன் இருந்தான். 1799இல் மாடிசனின் மான்ட்பெலியர் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவன், அப்போது 15 வயது. அவர் பெரியவராகி 1865இல் தன் நினைவுகளை வெளியிட்டார். அதில் தெளிவாகச் சொல்கிறார்: டாலி அம்மா படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பது சரியல்ல, அவருக்கு அதற்கு நேரமே இல்லை, ஏணி இல்லாமல் எட்டாது. வாசல் காவலர் ஜான் சூசே என்ற பிரெஞ்சுக்காரரும், மெக்ரா என்ற தோட்டக்காரரும்தான் இறக்கி வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

இன்னொன்றும் சொல்கிறார். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு விருந்து. மேசையைப் போட்டது அவர்தான். ஏல், சைடர், ஒயின் எல்லாவற்றையும் கொண்டுவந்து குளிர வைத்ததும் அவர்தான். அந்த நேரத்தில் ஜேம்ஸ் ஸ்மித் என்பவர் தொப்பியை ஆட்டிக்கொண்டு குதிரையில் பறந்து வந்து, "கிளம்புங்கள், கிளம்புங்கள்" என்று கத்தினார். எல்லாரும் போட்டது போட்டபடி போனார்கள். பின்னால் நுழைந்த பிரிட்டிஷ் படையினர் அந்தச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். 15 வயதுப் பையன் ஒவ்வொரு தட்டாக எடுத்து வைத்த மேசை அது. வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கதை அதோடு முடியவில்லை. மாடிசன் 1836இல் இறந்தார். மூத்த மகன் ஜான் பெய்ன் டாட் குடித்தும் சூதாடியும் கடனுக்கு மேல் கடன் வைத்தான். 1844இல் டாலி மான்ட்பெலியரையே விற்க வேண்டி வந்தது. 1846இல் ஜென்னிங்ஸையும் விற்றார், 200 டாலருக்கு. அடிமைகளை விடுதலை செய்த அப்பாவுக்குப் பிறந்த மகள். மாடிசன் தன் உயிலில், அவர்கள் சம்மதம் இல்லாமல் யாரையும் விற்கக் கூடாது என்று எழுதியிருந்தும் விற்றார். இதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. 1847இல் செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் 120 டாலர் கொடுத்து ஜென்னிங்ஸின் விடுதலையை வாங்கினார். மாதம் எட்டு டாலர் கணக்கில் வேலை செய்து ஜென்னிங்ஸ் அதைக் கழிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 15 மாதம்.

அந்த நாட்களில் டாலி வாஷிங்டனில் சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டார். வெப்ஸ்டர் ஒரு கூடை நிறையச் சாமான் கொடுத்து ஜென்னிங்ஸிடம் அனுப்புவார். கொண்டுபோய்க் கொடுத்த ஜென்னிங்ஸ், சில சமயம் தன் கையிலிருந்தும் கொஞ்சம் காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தன்னை விற்றவருக்கு.

1848இல் மாடிசனின் மீதிக் காகிதங்களை 25,000 டாலருக்குக் காங்கிரஸ் வாங்கிக்கொண்டது. அதில் 20,000 டாலரை மகன் கைக்குப் போகாதபடி அறக்கட்டளையாகக் கட்டி வைத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம், 1849 ஜூலை 12இல், 81 வயதில் டாலி காலமானார். அந்தப் படம் இன்றும் வெள்ளை மாளிகையின் கிழக்கு அறையில் இருக்கிறது.

வகுப்பில் பேசும்போது டாலி பெயரைச் சொல்லும் அதே மூச்சில் பால் ஜென்னிங்ஸ் பெயரையும் சொல்லுங்கள்.

கேள்வி: குக்கி என்பதும் பிஸ்கட் என்பதும் ஒன்றுதானே?
(பேக்கரி ஊழியர், குழித்துறை)

பதில்: நம் கடையில் ஒன்றுதான். வார்த்தை மட்டும் வேறு வழியில் வந்தது. டச்சு மொழியில் சின்ன கேக்குக்கு 'கூக்யே' என்று பெயர். நியூயார்க் பக்கம் குடியேறிய டச்சுக்காரர்கள் கொண்டுபோன சொல் அமெரிக்காவில் குக்கி ஆனது. இங்கிலாந்துக்காரர்கள் பிஸ்கட் என்றார்கள், நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். நம் குளச்சலில் 1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக் கம்பெனிப் படையைத் தோற்கடிக்காமல் இருந்தால், நீங்களும் நானும் அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தப் படையிலிருந்து பிடிபட்ட டிலனாய் என்பவர் உதயகிரிக் கோட்டையில்தான் அடக்கமாகியிருக்கிறார், போய்ப் பாருங்கள்.

கேள்வி: மல்லி போட்டு இனிப்பா? குழம்பு வாசனை அடிக்காதா? செய்முறை வேண்டும். எங்கள் வீட்டில் ஓவன் இல்லை.
(இல்லத்தரசி, மார்த்தாண்டம்)

பதில்: சுக்குக் காப்பியில் மல்லியும் கருப்பட்டியும் சேர்ந்துதானே கொதிக்கிறது? அப்போது குழம்பு வாசனை வருகிறதா? வராது. வறுத்தால்தான் மல்லி குழம்புப் பக்கம் போகும். வறுக்காத மல்லியைக் கையில் நசுக்கி முகர்ந்து பாருங்கள், ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது மாதிரி இருக்கும்.

செய்முறை டாலியின் கைப்பட எழுதியது இல்லை. அவர் பெயர் போட்டு இன்று உலவும் பலகாரங்கள் பல உண்டு, அவற்றை நான் நம்பித் தர மாட்டேன். இது 1796இல் ஹார்ட்ஃபோர்டில் அச்சான 'அமெரிக்கன் குக்கரி' என்ற புத்தகத்தில் இருப்பது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அங்கேயே அச்சான முதல் சமையல் புத்தகம் என்று அதைச் சொல்வார்கள். எழுதியவர் அமெலியா சிம்மன்ஸ். தன் பெயருக்குக் கீழே 'ஓர் அமெரிக்க அநாதை' என்று போட்டுக்கொண்டவர். டாலிக்கு மாடிசனோடு கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அது.

அதில் உள்ள அளவு: மூன்று பவுண்டு மாவு, ஒரு டீ கப் நிறைய நைசாகப் பொடித்த மல்லி, ஒரு பவுண்டு வெண்ணெய், ஒன்றரைப் பவுண்டு சர்க்கரை, மூன்று டீஸ்பூன் பேர்ல் ஆஷ், அதைக் கரைக்க ஒரு டீ கப் பால். பிசைந்து, முக்கால் அங்குலத் தடிமனுக்குத் தேய்த்து, விருப்பமான வடிவில் வெட்டி, மெதுவான சூட்டில் 15, 20 நிமிஷம் சுட வேண்டும். முட்டை இல்லை, உப்புகூட இல்லை.

பேர்ல் ஆஷ் என்பது விறகுச் சாம்பல்தான். சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்து, அந்தக் காரத் தண்ணீரை இரும்புப் பாத்திரத்தில் வற்றக் காய்ச்சி, கிடைத்ததை வெள்ளையாகும் வரை சூளையில் சுட்டு எடுப்பார்கள். பொட்டாசியம் கார்பனேட். மாவை உப்ப வைக்க அன்று அதைத்தான் போட்டார்கள். அமெரிக்க அரசு கொடுத்த முதல் காப்புரிமையே இந்தச் சாம்பல் காய்ச்சும் முறைக்குத்தான். 1790 ஜூலை 31, சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு, ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நமக்கு ஆப்ப சோடா போதும், ஆனால் பாதி அளவு. கூடினால் சோப்பு ருசி வந்துவிடும்.

நான் ஆறில் ஒரு பங்காகக் குறைத்துச் செய்து பார்த்த அளவு இது. மைதா 225 கிராம், வெண்ணெய் 75 கிராம், பொடித்த சர்க்கரை 110 கிராம், மல்லிப் பொடி தலை தட்டி நாலு டீஸ்பூன், ஆப்ப சோடா கால் டீஸ்பூன், பால் நாலு மேசைக்கரண்டி. பழைய கணக்குப்படி இரண்டு கரண்டிப் பால்தான் வரும். அதில் நம் மைதா சேரவில்லை, உதிர்ந்து போனது. பாலில் சில சொட்டு மோர் விட்டுக்கொண்டால் சோடா நன்றாக வேலை செய்யும்.

மல்லி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். முதல் தடவை நான் மில்லில் பொடித்து வைத்திருந்த மல்லிப் பொடியைப் போட்டேன். அதே இயந்திரத்தில் அதற்கு முன்னால் மிளகாய் பொடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது, ஒரு தட்டு குக்கியும் தொண்டையில் எரிந்தது. அடுத்த தடவை முழு மல்லியை முறத்தில் புடைத்து, ஒரு பகல் வெயிலில் காயப் போட்டேன். சாயங்காலம் விரலால் அழுத்தினால் இரண்டாக உடைந்தது. மிக்ஸியில் விட்டு விட்டு அடித்து, நைஸ் அரிப்பில் இரண்டு தடவை சலித்தேன். உமி மேலே நின்றுவிடும், அதைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பல்லில் மணல் மாதிரி கடிபடும். கீழே விழுந்த பொடி மங்கலான தவிட்டு நிறம். மாவில் கலக்கும்போதே அடுக்களை முழுக்க அந்த ஆரஞ்சு மணம் எழுந்தது.

மாவும் மல்லியும் கலந்து, வெண்ணெயை விரல் நுனியால் தேய்த்து ரொட்டித் தூள் மாதிரி ஆக்குங்கள். சர்க்கரை சேருங்கள். சோடா கரைத்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் திரட்டுங்கள். அழுத்திப் பிசைய வேண்டாம். சுண்டுவிரல் தடிமனுக்குத் தேய்த்து டம்ளர் வாயால் வெட்டினால் இருபதுக்குப் பக்கத்தில் வரும். ஓவன் இருந்தால் 160 டிகிரியில் 20 நிமிஷம். இல்லாவிட்டால் கனமான இரும்புச் சட்டியில் இரண்டு விரல்கடை மணல் பரப்பி, மூடி, பத்து நிமிஷம் காய விடுங்கள். உள்ளே ஒரு வளையம் வைத்து அதன்மேல் தட்டு. சின்னத் தீயில் 25 நிமிஷம். ஓரம் லேசாகச் சிவந்தால் எடுத்துவிடலாம். நடு மெத்தென்று இருந்தால் பயப்பட வேண்டாம், ஆறினால் இறுகிவிடும்.

'மெதுவான சூடு' என்பதை எங்கள் அப்பாவின் ரொட்டி சுடும் போர்மாவில் மாவு பிசைந்தவரிடம் கற்றுக்கொண்டேன். களியக்காவிளையில் அப்பாவுக்கு விறகுப் போர்மா இருந்தது. கடைப் பலகையில் அப்பா பெயர். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விறகு போட்டவர் அப்பா அல்ல, இவர்தான். வலது முழங்கைக்குக் கீழே தகரத் தட்டு பட்டு வெந்த தழும்புகள் ஏணிப்படி மாதிரி வரிசையாக இருக்கும். ரொட்டி வெந்து இறங்கியதும் கனலை ஓரம் தள்ளிவிட்டு, ஒரு துண்டு காகிதத்தை உள்ளே போடுவார். அது உடனே கருகினால் காத்திருப்பார். மெல்ல மஞ்சளாகித் தவிட்டு நிறத்துக்கு வந்தால்தான் பிஸ்கட் தட்டு உள்ளே போகும். ஊர் முழுக்க 'அப்பாவின் பிஸ்கட்' என்று சொன்னது அவர் பார்த்த அந்தக் காகிதத்தின் நிறத்தைத்தான். மான்ட்பெலியர் அடுக்களையில் நின்று சூடு பார்த்த கைகளும் அப்படிப்பட்டவைதான், அங்கே கூலியும் கிடையாது.

கேள்வி: சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி போடலாமா?
(பனைத் தொழிலாளி வீட்டுப் பெண், கொல்லங்கோடு)

பதில்: தாராளமாக. அன்று வெள்ளைச் சர்க்கரை பெரிய கூம்பாக, நீலத் தாளில் சுற்றி வரும். இடுக்கியால் வெட்டி, உரலில் இடித்துத்தான் பயன்படுத்துவார்கள். விலை அதிகம். அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதி கரீபியத் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது. அதனாலேயே சர்க்கரையைத் தொடாத குவேக்கர்களும் இருந்தார்கள். கையில் காசு குறைந்தவர்கள் கரும்புப் பாகின் அடிக்கசண்டான மொலாசஸை ஊற்றி இஞ்சி ரொட்டி சுட்டார்கள். அதன் ருசிக்கு நம் கைக்கு எட்டும் பொருளில் பக்கத்தில் வருவது கருப்பட்டிதான்.

சிரட்டை வடிவில் வரும் கருப்பட்டியை அப்படியே உடைத்துப் போட்டால் கட்டி நிற்கும். கத்தியால் சீவி, இடித்து, சலித்து 110 கிராம் எடுங்கள். ஈரம் இழுக்கும் பண்டம் அது, அதனால் பாலை ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். நிறம் கறுப்பாக வரும், சிவந்ததா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, நேரத்தைப் பார்த்து எடுங்கள். சுக்குப் பொடி ஒரு டீஸ்பூனும், மாறாமலைக் கிராம்பு ஒன்றை இடித்தும் சேர்த்தால் இன்னும் எடுப்பு. ஆனால் 1796 செய்முறை என்று கல்லூரியில் வைப்பதானால் இதை வைக்காதீர்கள், வெள்ளைச் சர்க்கரை போட்டதையே வையுங்கள். கருப்பட்டி குக்கி உங்கள் வீட்டுக்கு. முந்திரிக்கொத்து செய்யும் கை உங்களுடையது, தானாகப் பிடிபடும்.

கேள்வி: அந்தக் காலத்துக் குக்கியை ஆறு மாதம் வைத்திருந்து தின்பார்களாமே? நம் ஊரில் நடக்குமா?
(ஓய்வுபெற்ற தபால்காரர், குலசேகரம்)

பதில்: சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அமெலியா சிம்மன்ஸ் அப்படித்தான் எழுதியிருக்கிறார். சுட்டவுடன் கடினமாக, வறண்டு இருக்கும். மண்பானையில் போட்டு நிலவறையிலோ ஈரமான அறையிலோ வைத்தால் ஆறு மாதத்தில் இன்னும் மென்மையாக, இன்னும் நன்றாக ஆகும் என்கிறார். அங்கே குளிர்காலம் நீளம். நமக்கு இடவப்பாதியும் துலாமழையும் உண்டு, குலசேகரத்தில் மழைக்குச் சொல்லவே வேண்டாம்.

நான் தை மாதம் சுட்டு இரண்டு பங்காக்கி வைத்தேன். ஒரு பங்கு தகர டப்பாவில், ஒரு பங்கு வாயில் துணி கட்டிய மண்பானையில், அடியில் தண்ணீர்த் தட்டு, எறும்புக்காக. பத்தாவது நாள் திறந்தேன். டப்பாவில் இருந்தது நொறுங்கியது. பானையில் இருந்தது பல் படும்போதே இளகியது, மல்லியின் காரமும் அடங்கி, வெண்ணெயோடு ஒன்றாகியிருந்தது. அந்த அம்மா சொன்னது பொய்யில்லை. மூன்றாவது வாரம் இரண்டு நாள் மழை பெய்தது, பானையில் பூஞ்சை பிடித்துவிட்டது. டப்பாவில் இருந்தது நாற்பது நாள் தாங்கியது.

ஆகவே நம் ஊருக்குப் பத்து நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாறசாலை அம்மாவுக்கும் இதுதான் சொல்ல வேண்டும்: மகள் பேசும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் சுட்டு, புதுச் சட்டி ஒன்றை நன்றாகக் கழுவி வெயிலில் உலர்த்தி, அதில் போட்டுத் துணி கட்டி வையுங்கள். மழை வரும்போலிருந்தால் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். கல்லூரிக்குக் கொண்டுபோகும்போது சட்டியோடு கொண்டுபோகச் சொல்லுங்கள், துணியை அங்கே வைத்து அவிழ்க்கட்டும், அந்த மணம் எல்லாருக்கும் கிடைக்கும்.